பேப்பர் போட்ட பிறகு வரும் பாசம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு, அதாவது பேப்பர் போட்ட பிறகு, அதே கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றால் இருப்பதா, கிளம்புவதா? இதுதான் கேள்வி. கிளம்ப வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அண்ணன், 'இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே' என்றார். அண்ணே, இங்கே எது பறக்கிறது? புதுக் கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. சம்பளம், பதவி, சேர வேண்டிய தேதி எல்லாம் எழுத்தில் இருக்கிறது. இரண்டு வருஷமாக நம் பக்கம் திரும்பாத மேனேஜர், திடீரென்று கேன்டீனுக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்து, 'நீ இருப்பா, நான் மேலே பேசுறேன்' என்றாரே, அந்த வார்த்தைதான் பறக்கிறது.

அடுத்து வந்த தங்கை, 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பிள்ளை ஏப்ரலில் சம்பள உயர்வு கொடுக்கும்போதே அழுததே அம்மா! 'பட்ஜெட் இல்லை' என்று 7 சதவீதம் கொடுத்து அனுப்பினார்கள். அதே பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில் டம்ளரோடு நின்றதும், ஒரே ராத்திரியில் 30 சதவீதப் பால் எங்கிருந்து சுரந்தது?

கணக்கைப் பாருங்கள். நம் ஐடி கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ், அதாவது பேப்பர் போட்ட பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். நீங்கள் போனால் உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கும் அவர் கம்பெனியில் அதே 90 நாள் இருக்கும். முதலில் ஆளைத் தேட வேண்டும், வந்த பிறகு வேலை பழக வேண்டும், நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்குக் கமிஷன் வேறு. ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு 30 சதவீதம் ஏற்றுவது மலிவு. அவர்கள் வாங்குவது அவகாசம். அதில் தப்பும் இல்லை, வியாபாரம். அதைப் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

நானும் அப்படி நினைத்தவன், நடுவரே. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். பேப்பர் போட்டு 70 நாள் வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசி மூன்று வாரத்தில் கூப்பிட்டார்கள். சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றி, இருப்பதற்காக 2 லட்சம் போனஸ் என்றார்கள். சரி என்று இருந்துவிட்டேன். அடுத்த ஏப்ரல் வந்தது. 'உங்களுக்குத்தான் அப்பவே கொடுத்தாச்சே' என்று, வருஷா வருஷம் சம்பள உயர்வு பேசும் அப்ரைசலை அரை நிமிஷத்தில் முடித்தார்கள். ஜூனில் ஒரு பையனை என் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நல்ல பையன், என் நாற்காலியின் உயரத்தைக்கூட என்னிடமே கேட்டுச் சரிசெய்துகொண்டான். பதினோராவது மாதம் நான் மறுபடி பேப்பர் போட்டபோது டீ வரவில்லை, மெயில் வந்தது. 12 மாதம் முடியாததால் அந்த 2 லட்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். கைக்கு வந்தது வரி பிடித்தது போக மீதி. கேட்டதோ முழுசாக 2 லட்சம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். அப்போது நான் வரவில்லை என்று சொல்லிவிட்ட அந்தப் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கைவிரித்தவனின் போனை நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி. சட்டப்படி, நிரந்தரப் பணியாளர் வேலையை விட்டுப் போகும்போது அதை வாங்க ஐந்து ஆண்டு சேவை வேண்டும். அதற்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் 40,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் சுமார் 1,15,000 ரூபாய். ஐந்து வருடம் முடிய ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி என்றால், சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். ஆனால் அது பேப்பர் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு. அதற்காக, 'போகாதே, கூட்டித் தருகிறேன்' என்று பழைய கம்பெனி நீட்டும் கவுன்ட்டர் ஆஃபரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், எல்லாரும் பணத்துக்காகவா கிளம்புகிறார்கள்? ஒருவருக்கு நைட் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை, இன்னொருவருக்கு அந்த மேனேஜரே ஒத்துவரவில்லை. சம்பளத்தைக் கூட்டினால் ஷிஃப்ட் பகலாகிவிடுமா? மேனேஜர்தான் அதே மேனேஜர், இப்போது நம்மேல் கோபமும் சேர்ந்த மேனேஜர்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. 'நன்றாகப் பேசுகிறாய், இன்னும் இரண்டு நிமிஷம் தருகிறேன்' என்று இப்போது நீங்கள் சொன்னாலும் நிற்க மாட்டேன். அதை மணி அடிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். வணக்கம்.