ஹெலிகாப்டருக்கு வயது எத்தனை?

[காட்சி: சேலத்தில் ஒரு மைதானம். புழுதியைக் கிளப்பியபடி இறங்கும் ஹெலிகாப்டர். தடுப்புக்கு வெளியே கூட்டம்.]

தேர்தல் பிரசாரமோ, கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவலோ, ஹெலிகாப்டர் இறங்கினால் போதும், சேலத்துக்காரர்கள் திரண்டுவிடுவோம். அதில் ஏறச் சொன்னால்தான் சந்தேகம் வரும்: "எந்த வருட மாடல்?" பழைய கார் வாங்கப் போனால் கேட்கிற கேள்வி அது. இங்கே அதற்குப் பாதி பதில்தான் கிடைக்கும்.

[காட்சி: விசிறி, கியர்பாக்ஸ், என்ஜின் தனித்தனியாகப் பிரியும் வரைபடம்.]

ஹெலிகாப்டர் முழுவதும் ஒரே வயதில் இருப்பதில்லை. விசிறி இறக்கை, கியர்பாக்ஸ், என்ஜின் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. பெரும்பாலும் பறந்த மணிக்கணக்கு. சில பாகங்களுக்கு என்ஜினை எத்தனை முறை இயக்கினார்கள் என்ற கணக்கு. கெடு முடிந்தால், பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கழற்றியாக வேண்டும். ராபின்சன் ஆர்44 என்ற சிறிய ரகத்துக்கு 2,200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது முழுச் சீரமைப்பு. கொட்டகையில் சும்மா நிறுத்தினாலும் ஆண்டுக்கணக்கு ஓடும். துரு மணி பார்ப்பதில்லை.

[காட்சி: வட கடல், எண்ணெய்க் கிணற்று மேடை.]

2016 ஏப்ரல் 29, நார்வே. எண்ணெய்த் தொழிலாளர்களுடன் வந்த சூப்பர் பூமா ரக ஹெலிகாப்டர் ஒன்றின் மேல் விசிறி நடுவானில் கழன்றது. 13 பேரும் இறந்தார்கள். அது 2009இல் தயாரானது. கிழடு என்று யாரும் சொல்ல முடியாது. கியர்பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரத்தில் உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்பச் சுமை தாங்கியதால், விரிசல். எண்ணெயில் கலக்கும் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தமுனை இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. விபத்துக்குப் பின் அந்த ரகம் பறக்க விதித்த தடை மறு ஆண்டு நீங்கிய பிறகும் தொழிலாளர்கள் அதை நம்பவில்லை. சான்றிதழ் திரும்பிய வேகத்தில் நம்பிக்கை திரும்பாது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயதே பொருட்டில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் ராணுவத்தின் சேத்தக், 1959இல் முதன்முதலில் பறந்த பிரெஞ்சு வடிவமைப்பிலிருந்து வந்தது. அத்தனை பழைய ரகத்துக்கு உதிரி பாகம் தேடுவதே தனிப் பாடு. மோதினாலும் எரிபொருள் சிந்தாத தொட்டி போன்ற பிற்காலப் பாதுகாப்புகளையும் அந்தக் கால வடிவமைப்பில் எதிர்பார்க்க முடியாது.

[காட்சி: சேர்வராயன் மலை, மேகம் மூடும் ஏற்காடு.]

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் விசிறிக்குப் பிடியும் என்ஜினுக்கு மூச்சும் குறையும். புழுதியில் இறங்கி இறங்கி உள்ளே தேய்ந்த டர்பைன் என்ஜின் சமவெளியில் சமாளித்துவிடும், மலைதான் காட்டிக்கொடுக்கும்.

மலையில் வேறொரு எதிரியும் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று, ஜெனரல் பிபின் ராவத் பயணித்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. 2012 முதல் விமானப்படையில் சேர்ந்த ரகம் அது. இயந்திரக் கோளாறு இல்லை. வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் புகுந்து விமானி திசையுணர்வை இழந்தார் என்றது விசாரணை.

எனவே ஏறும் முன் கேளுங்கள்: கியர்பாக்ஸை எப்போது பிரித்துப் பார்த்தார்கள்? பறப்புத் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை? மேலே மூட்டம் என்றால் புறப்படுவீர்களா? கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், 20 கொண்டை ஊசி வளைவு ஆனாலும் பரவாயில்லை, பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.