ஐப்பசி பிறந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது?

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னைப் புறநகரான முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தபோது தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளைகள், 2021 நவம்பர் மழையையும் கண்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பதின்பருவத்தை எட்டியிருந்தார்கள். ஆகவே, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், பட்ட துன்பத்தின் நினைவோடு இனி வரப்போவதன் அச்சமும் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த அச்சம் பெரும்பாலும் வேறு வேடத்தில்தான் வெளிப்படும். காரணமின்றி எரிந்து விழுவது, இரவெல்லாம் கைப்பேசியில் வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஓயாத வயிற்றுவலி ஆகியவற்றை நாம் அடம் என்றும் படிப்பில் அக்கறையின்மை என்றும் கடிந்துகொள்கிறோம். அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான் வருகிறது.

"ஒன்றும் ஆகாது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆனதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை நம்பாது. அடுத்து நீங்கள் சொல்வதையும் நம்பாது. அடையாற்றில் உபரிநீரைத் திறந்துவிடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பதையும், இன்று எத்தனை அடி நிற்கிறது என்பதையும் சேர்ந்து பாருங்கள். தெருவில் எந்த அளவு நீர் ஏறினால் கிளம்புவது, எங்கே தங்குவது என்பதைப் பிள்ளையையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துவது போன்ற ஒரு பொறுப்பை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். ஒரு பொறுப்பு போதும்; தம்பி, பாட்டி, சமையல் எனக் குடும்பத்தின் சுமை முழுவதையும் மூத்த மகளின் தலையில் ஏற்றுவது பெருங்கொடுமை.

நிவாரண முகாமில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், கேட்காமலே கிடைக்கும் நாப்கினும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் மனத்துக்குத் தரும் அமைதியை எந்த அறிவுரையும் தராது என்பதே என் உறுதியான கருத்து.

பள்ளியும் நண்பர்களும் உறக்கமும் பழையபடி அமைந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மெல்லத் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் உறக்கமின்மையோ ஒதுங்கியிருத்தலோ நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: நீரில் ஊறிப்போன ரெக்கார்டு நோட்டை ஒரே வாரத்தில் திரும்ப எழுதிவரச் சொல்லாதீர்கள், வெள்ளம் வடிந்த பிறகு பள்ளி திறக்கும் முதல் நாளில் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பேச விரும்பும் மாணவரைப் பேச விடுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள்.