சுருக்குப்பை தொலைந்த நாள்: ரேஷன் கார்டும் ஏடிஎம் ரகசிய எண்ணும்

[திரையில்: கானாடுகாத்தான் தெரு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முகப்பு. திண்ணை ஓரத்தில் பழைய சுருக்குப்பை.]

வணக்கம். இந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலை, களிப்பாக்கு, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டு, கோவில் திருநீறு ஒரு பொட்டலம். இப்போது கூடவே இரண்டு பிளாஸ்டிக் அட்டைகளும் சேர்ந்துவிட்டன. ஒன்று ரேஷன் கார்டு. இன்னொன்று, மகளிர் உரிமைத்தொகை வந்து விழுகிற வங்கிக் கணக்கின் ஏடிஎம் கார்டு.

நான் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். கொஞ்ச நாள் முன்பு ஓர் அப்பத்தா வந்தார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக்காரர்கள் வெளியூரில். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வந்தால்தான் அந்த வீட்டுப் பட்டாலை என்கிற கூடத்தில் ஆள் நடமாட்டம். காரைக்குடிக்கு வந்த அப்பத்தா பையை டவுன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்த மாதம் அரிசி போடுவார்களா?"

ரேஷன் கார்டைப் பற்றி அரை மணி நேரம் பேசிய பிறகு, பையில் ஏடிஎம் கார்டும் இருந்தது என்றார். அந்தக் கார்டின் காகித உறையில் நாலு நம்பரையும் பால்பாயின்ட் பேனாவால் பேத்தி எழுதிக் கொடுத்திருந்தாள் என்பது கிளம்பும்போதுதான் வாயில் வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

இந்த வீடியோவை எடுக்கக் காரணம் அந்த அரை மணி நேரம்தான்.

[திரையில்: இரண்டு அட்டைகள் அருகருகே. ஏடிஎம் கார்டு மட்டும் பெரிதாகிறது.]

முதலில் ஏடிஎம் கார்டு. ரேஷன் கடை நாளைக்கும் திறந்திருக்கும்; கணக்கில் இருக்கிற பணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கார்டு காணவில்லை என்று தெரிந்த நிமிடமே வங்கியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து, கார்டை முடக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி, பொங்கல் விடுமுறை எதுவும் இதற்குத் தடையில்லை. அந்த எண் எங்கே இருக்கும்? பாஸ்புத்தகத்தில் இருக்கும். ஏடிஎம் அறைக்குள்ளும் ஒட்டியிருப்பார்கள். இணையத்தில் தேடி முதலில் கண்ணில் படும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வங்கிச் சேவை மையம் என்ற பெயரில் திருடர்கள் தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருப்பது இன்றைக்கு நடக்கிற விஷயம்.

பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, தேதியும் மணியும் போட்டு எழுதி வையுங்கள். ஏன் என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ரகசிய எண்ணை நாமே வெளியில் விட்டிருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் நம் தலையில். புகார் சொன்ன பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு. உறையில் நம்பரை எழுதி வைத்த அப்பத்தாவுக்கு அந்தக் கோடு, அதாவது புகார் பதிவான நேரம், அன்றைக்கு மதியம் 12 மணி 40 நிமிடத்தில் விழுந்தது. காலை 10 மணிக்கே பையைத் தொலைத்தவர். நடுவில் போன நேரத்தை எண்ணிப் பாருங்கள். நல்ல வேளை, யாரும் கை வைக்கவில்லை.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. கார்டு போனதால் உரிமைத்தொகை நிற்காது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது மேடையில் ஏடிஎம் கார்டுகளைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, பணம் கார்டுக்குள் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பணம் கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்புத்தகத்தோடு கிளைக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் தபால்காரரிடமே கைரேகை வைத்தும் வாங்கலாம். தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கி 2019 முதல் இந்த வேலையைச் செய்கிறது. பணம் எடுக்க நீங்கள் அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

[திரையில்: தபால்காரரின் கைரேகைக் கருவி. சுண்ணாம்புக் கறை படிந்த விரல்.]

அடுத்தது புதுக் கார்டு. கிளையில் விண்ணப்பம் கொடுத்தால் தபாலில் அனுப்புவார்கள். இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். அப்பத்தாவின் கணக்கில் இருந்த முகவரி அந்தப் பெரிய வீட்டு முகவரி. முகப்புக் கதவு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். புதிதாக வந்த தபால்காரர் முகப்பில் தொங்கும் பூட்டைப் பார்த்துவிட்டு, 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதித் திருப்பிவிடுவார். அப்பத்தா பின்கட்டில் வடகம் பிழிந்துகொண்டிருப்பார். ஆகவே, பெயர் அச்சிடாத கார்டு கிளையிலேயே கையில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பல வங்கிகளில் அது உண்டு. இல்லையென்றால் விண்ணப்பத்திலேயே 'பின்வாசல், இன்ன தெரு' என்று எழுதுங்கள்.

இனி ரகசிய எண்.

பழைய எண்ணைச் சொல்லும்படி வங்கியில் மன்றாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவர்களுக்கே அது தெரியாது. மேலாளர் நினைத்தாலும் எடுத்துச் சொல்ல முடியாது. புதிதாக வைத்துக்கொள்ளத்தான் வழி. கார்டு தொலையாமல் எண் மட்டும் மறந்துபோனவர்களுக்கும் இதே வழிதான். ஒரு நாளில் மூன்று முறை தவறாக அழுத்தினால் பெரும்பாலான வங்கிகளில் கார்டு பூட்டிக்கொள்ளும். இரண்டு முறை தவறினாலே நிறுத்திவிடுங்கள். மூன்றாவது முறை 'இதுவாக இருக்குமோ' என்று பார்ப்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

[திரையில்: ஏடிஎம் திரை, தமிழில்.]

உங்கள் வங்கியின் ஏடிஎம்முக்கே போங்கள். கார்டைச் செருகி, தமிழைத் தேர்ந்தெடுத்தால் பின் நம்பர் உருவாக்குவதற்கு ஒரு பொத்தான் காட்டும். கணக்கு எண்ணையும் செல்போன் எண்ணையும் கேட்கும். பாஸ்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அழுத்துங்கள். செல்போனுக்கு ஓடிபி வரும். அதை அழுத்தியபின் புது நாலு இலக்கத்தை இரண்டு முறை அழுத்த வேண்டும். வங்கிக்கு வங்கி இந்த வரிசை கொஞ்சம் மாறும். சிலவற்றில் ஓடிபி வந்தபின் கார்டை எடுத்து மறுபடி செருகச் சொல்லும். பதறாமல் திரையில் வருவதைப் படித்தால் போதும்.

சொல்ல எளிது. அப்பத்தாவோடு நானும் போனேன். எல்லாம் சரியாக அழுத்தினோம். 'உங்கள் செல்போனுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது. அப்பத்தா தன் பட்டன் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஒன்றும் வரவில்லை. நானும் பார்க்கிறேன். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். இயந்திரம் கார்டைத் துப்பிவிட்டது.

ஓடிபி சிங்கப்பூருக்குப் போயிருந்தது. கணக்குத் தொடங்கியபோது மகன் லீவில் வந்திருந்தான். படிவத்தில் அவன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அங்கே அவன் வேலையில் இருந்தான், போன் பெட்டியில். வங்கியில் இதைச் சொல்லப் போனால், ஒரு கவுன்டரிலிருந்து இன்னொரு கவுன்டருக்கு, அங்கிருந்து 'நாளைக்கு வாருங்கள்'. எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்தார் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். கடல் தாண்டிக் கணக்கு வைத்த மண் இது. பேரேட்டில் ஒரு அணா பிசகாத ஊரில், ஓர் அப்பத்தா தன் ஆயிரம் ரூபாய்க்காக ஏடிஎம் வாசலில் நின்று, மகன் ஷிப்ட் முடிந்து போனை எடுப்பானா என்று காத்திருக்கிறார்.

ஆகவே இந்த வீடியோவைப் பார்த்த கையோடு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் அம்மா, அப்பத்தா, ஆயா ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் எந்த செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அதையே பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண், கடையில் சிம் கார்டு வாங்கியவர் பெயரில் இருக்கும் எண், கல்யாணமாகிப் போன மகளின் எண், இப்படித்தான் இருக்கும். நீண்ட நாள் கிடப்பில் போட்ட எண்ணைச் செல்போன் நிறுவனம் வேறு யாருக்காவது விற்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். வங்கியில் எண்ணை மாற்ற ஆதார் அட்டையும் பாஸ்புத்தகமும் எடுத்துக்கொண்டு கணக்குக்கு உரியவரே போக வேண்டும்.

[திரையில்: ரேஷன் கடை. விற்பனைக் கருவியில் கார்டின் கியூஆர் குறியீடு.]

ரேஷன் கார்டுக்கு வருவோம். இது 2017 ஏப்ரலில் காகித அட்டைக்குப் பதிலாக வந்த மின்னணு அட்டை. இதற்குப் பின் நம்பர் எதுவும் கிடையாது. 'உங்கள் ரேஷன் கார்டின் பின் நம்பர் காலாவதியாகிவிட்டது' என்று யாராவது போன் செய்தால், வைத்துவிடுங்கள்.

கார்டை எடுத்தவன் உங்கள் அரிசியை வாங்கிவிடவும் முடியாது. கடையில் குடும்ப உறுப்பினர் ஒருவரின் கைரேகை வேண்டும். விரல் தேய்ந்தவர்களுக்காகப் பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. அதனால் இதில் அவசரம் இல்லை. கடைக்காரரிடம் நிலைமையைச் சொல்லி, ஆதாரைக் காட்டிப் பேசிப் பாருங்கள். தெரிந்த முகத்தைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப மாட்டார்.

நகல் அட்டைக்கு, திரையில் காணும் டிஎன்பிடிஎஸ் என்கிற தமிழகப் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பயனாளர் நுழைவுக்குப் போங்கள். பதிவு செய்த செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பார்த்தீர்களா, மறுபடியும் அதே எண்தான். உள்ளே போனதும் உங்கள் அட்டையின் படத்தைப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அட்டை எண் தெரியாதவர்களுக்கு அதுவே பெரிய உதவி. அங்கேயே நகல் அட்டைக்கு விண்ணப்பித்து, தொலைந்தது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டி, வருகிற குறிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தபால் மூலம் வருவதாக இருந்தால் பின்கட்டு வாசல் விஷயம் இதற்கும் பொருந்தும்.

இணையம் ஒத்துவராதவர்கள் இ-சேவை மையத்துக்கோ வட்ட வழங்கல் அலுவலகத்துக்கோ போகலாம். எந்த அலுவலகம் என்பதில் நம்மவர்கள் வீணாக அலைகிறார்கள். செட்டிநாடு நம் வாயில் ஒரே நாடு. அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்க்காரர்களுக்குச் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடி வட்டம். ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம். பக்கத்தில் இருக்கிறது என்று காரைக்குடிக்கு வந்தால், திரும்பத் திருமயம் பஸ்தான் ஏற வேண்டும்.

பதிவான எண்ணே செத்துப்போயிருந்தால்? ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்டம்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். செல்போன் எண் மாற்றம், நகல் அட்டை, பெயர் சேர்த்தல் எல்லாவற்றுக்கும் அங்கே மனு வாங்குவார்கள். சந்தேகம் இருந்தால் 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

[திரையில்: மீண்டும் ஏடிஎம் அறை.]

அப்பத்தா கதை பாக்கி இருக்கிறது. செல்போன் எண்ணை மாற்றும் மனு ஏற்கப்பட்ட பிறகு மறுபடி போனோம். என்ன எண் வைப்பது என்று கேட்டார். பிறந்த வருடம் வேண்டாம், 1234 வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம் என்றேன். "பிறகு எதுதான் என் மண்டையில் நிற்கும்?" என்றார். மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோது பவுன் என்ன விலை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, பளிச்சென்று கண்ணில் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், என்னிடம் சொல்லாதீர்கள் அப்பத்தா என்று சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றேன்.

உள்ளே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. பிறகு மடியில் செருகியிருந்த பட்டன் போன் ஒரு முறை கிணுகிணுத்தது.