மனச்சோர்வு பரம்பரையாக வருமா? மரபணு சொல்வதும் சொல்லாததும்

[திரையில்: மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம்]

“எங்க அம்மாவுக்கு மனச்சோர்வு இருந்துச்சு. எனக்கும் வந்துடுமா?”

இந்தப் பயம் நியாயமானதுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ தீவிர மனச்சோர்வு இருந்தால், நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். ஆனால் அப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மரபணு மட்டுமா பொது? கடன், சண்டை, இழவு எல்லாமே பொதுதான். இதைப் பிரித்துப் பார்க்கத்தான், மரபணு ஏறக்குறைய முழுதும் பொதுவாக உள்ள ஒரே கரு இரட்டையரையும், பாதி அளவே பொதுவாக உள்ள இரு கரு இரட்டையரையும் ஒப்பிடுகிறார்கள். அத்தகைய ஆய்வுகளை 2000-ல் தொகுத்துப் பார்த்தபோது, இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 37 சதவீதத்துக்கு மரபணு காரணம் என்று தெரிந்தது. இது ஒரு மக்கள்தொகைக்கான கணக்கு. ஒரு தனி ஆளின் நோயை எடுத்து, இதில் 37 சதவீதம் பரம்பரை என்று கூறுபோட முடியாது.

சரி, எந்த மரபணு?

[திரையில்: 17-ஆவது குரோமோசோம், ஒரு சிறு பகுதி பெரிதாகிறது]

இங்கேதான் ஒரு பெரிய கதை இருக்கிறது. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்புச் செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதை இயக்கும் பகுதி சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் இருக்கும். 2003-ல் உளவியல் ஆய்வாளர் அவ்ஷலோம் காஸ்பியின் குழுவினர் நியூசிலாந்தின் டுனீடினில் 847 இளைஞர்களிடம் இதைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் மனதை அழுத்தும் நிகழ்வுகள் நான்கு அல்லது அதற்கு மேல் சந்தித்தவர்களில், குட்டை வடிவம் ஒரு பிரதியாவது உள்ளவர்களில் 33 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்தது. இரண்டு பிரதியும் நீளமாக இருந்தவர்களில் 17 சதவீதம்தான்.

கேட்கவே அழகான முடிவு. உலகமே நம்பியது. அப்புறம் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019-ல், அதிகம் ஆராயப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். சும்மா தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் விசேஷமாக இல்லை. எத்தனை ஆண்டு உழைப்பு! ஆனாலும் அதை வெளிப்படையாகச் சொன்னதுதான் இந்தத் துறையைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

[திரையில்: எல்லாக் குரோமோசோம்களிலும் சிறு புள்ளிகள் எரிகின்றன]

இப்போது ஒரு மரபணுவை யூகித்துத் தேடுவதில்லை. மொத்த மரபணுத் தொகுப்பையும் சலிக்கிறார்கள். 2013-ல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நோயாளிகளை வைத்துத் தேடியும் உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. 2015-ல், திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்த 5,303 சீனப் பெண்களிடம் நோயோடு தொடர்புள்ள இரண்டு இடங்கள் மரபணுத் தொகுப்பில் கிடைத்தன. 2025-ல் 29 நாடுகளைச் சேர்ந்த 6.8 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவில் அப்படிப்பட்ட 697 மரபணு மாறுபாடுகள்! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். சிறு துளி பெருவெள்ளம் கதைதான்.

அதனால் ‘மனச்சோர்வு வருமா என்று ஜீன் டெஸ்ட் சொல்லிவிடும்’ என்று யாராவது விற்றால் காசை வீணாக்காதீர்கள். எல்லாத் துளிகளையும் கூட்டிப் போடும் மதிப்பெண்ணால்கூடத் தனி ஆளுக்கு வருமா வராதா என்று சொல்ல முடியாது. அதிலும் இந்தத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு அந்த மதிப்பெண் இன்னும் மோசமாகவே பொருந்தும்.

மருத்துவரிடம் போவதாக இருந்தால், குடும்பத்தில் யாருக்கு வந்தது, எந்த வயதில், எத்தனை முறை, எந்த மருந்து கேட்டது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். இளவயதிலேயே தொடங்கி மறுபடி மறுபடி வந்திருந்தால் பரம்பரையின் பங்கு கூடுதல். மருத்துவர் அதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.