அண்ணன் கேட்ட கோழி, ஃபிராங்க் தொலைத்த தக்காளி

(‘விண்வெளியில் பயிர் வளர்க்கும் ஆய்வு: தேவையா, வீண் செலவா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘தேவையே’ அணிக்காகப் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே, இரவு ஒன்பதரை மணிக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு பழமொழியை எடுத்து எறிந்துவிட்டுப் போனார். ‘கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன், வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்றானாம்.’ நீங்கள் கைதட்டிய தட்டலில் பந்தல் அதிர்ந்தது. அதோடு விட்டாரா? ‘ஒட்டன்சத்திரத்தில் விலை கிடைக்காமல் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறான் விவசாயி, இவர்கள் செவ்வாயில் கண்ணாடிக் குடில் கட்டித் தக்காளி வளர்க்கப் போகிறார்களாம்’ என்றார். அதற்கும் கைதட்டல். நான் எழுதி எடுத்துவந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கோழிக்கும் தக்காளிக்கும் கணக்குத் தீர்க்காமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலில் தக்காளி.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நமது தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஃபிராங்க் ரூபியோ என்று ஓர் அமெரிக்கர். படிப்பால் மருத்துவர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு என்று போனவர், திரும்ப ஏற்றிவர வேண்டிய சோயுஸ் கலத்தில் குளிரூட்டும் திரவம் கசிந்துபோனதால் 371 நாள் அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த நிலையத்தில் ‘வெஜ்ஜி’ என்று ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றால் நமது வீட்டு அலமாரித் தட்டு ஒன்றின் அளவுதான். மண் கிடையாது. வழக்கமாக, சின்னத் தலையணை போல ஒரு பை, அதற்குள் சுட்ட களிமண் குருணையும் உரமும். தலையணையில் விதையை ஊன்றி, சிவப்பும் நீலமும் கலந்த விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அது கீழே இறங்காது, ஏனென்றால் அங்கே கீழ் என்பதே இல்லை. உருண்டு திரண்டு வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வேருக்கு மூச்சு முட்டவைக்கும். இத்தனையும் சமாளித்துத் தக்காளி காய்த்தது, பழுத்தது. ஃபிராங்க் பறித்தார்.

பறித்த பழத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. மேலிருந்து பிள்ளைகளோடு பேசும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. ஒரு சின்னப் பையில் போட்டு, சுவரில் ஒட்டுப்பட்டையால் ஒட்டிவைத்தேன் என்கிறார். திரும்பி வந்து பார்க்கிறார். தக்காளி இல்லை.

தாய்மார்களே, நமது வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் என்ன ஆகும்? முதலில் ‘இங்கேதானே வைத்தேன்’. அடுத்து ‘யாராவது எடுத்தீர்களா’. மூன்றாவது கட்டத்தில், வாயைத் திறந்து யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோர் கண்ணும் ஒரே ஆள் பக்கம் திரும்பும். அங்கேயும் அப்படித்தான். வெளியே யாரும் வந்து போகிற வீடா அது? பக்கத்து வீட்டுப் பூனை மேல் பழி போடமுடியுமா? இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பறித்தவர் ஃபிராங்க், வைத்தவர் ஃபிராங்க். அப்படியானால் தின்றவரும் ஃபிராங்க்! மனிதர் தேடினார். ஓய்வு நேரத்தில் மணிக்கணக்கில் தேடினார். மூலை முடுக்கெல்லாம், பெட்டிக்குப் பின்னால், குழாய்க்கு இடுக்கில். கிடைக்கவில்லை. 2023 செப்டம்பரில் பூமிக்கு இறங்கினார். பழியும் கூடவே இறங்கியது.

கடைசி வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்த அம்மாவுக்காக ஒரு வரியில் மறுபடியும் சொல்கிறேன்: ஒரு தக்காளி காணவில்லை, நல்ல மனிதர் ஒருவர் மேல் பழி. டிசம்பர் மாதம். நிலையத்துக்கு 25 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் நேரலை. அப்போது மேலே இருந்த ஜாஸ்மின் மொக்பெலி என்ற வீராங்கனை, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது அறிவிக்கிறார்: எங்கள் நண்பர் ஃபிராங்க் தக்காளியைத் தின்றதாக இத்தனை நாள் பழி சுமந்தார், அவர் குற்றமற்றவர், தக்காளி கிடைத்துவிட்டது! பல மாதம் கழித்து, பைக்குள்ளேயே, வற்றிச் சுருங்கி, கொஞ்சம் நசுங்கி, நிறம் மங்கிக் கிடந்தது. படத்தை வெளியிட்டார்கள். பூஞ்சை பிடித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அண்ணன் இதைக் கேட்டுச் சிரிக்கிறார், சிரிக்கட்டும். நான் இந்தக் கதையைச் சிரிக்க மட்டும் சொல்லவில்லை. என் அப்பாவும் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் தக்காளி போட்டவர்தான். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் சந்தை வாசலிலேயே பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்த நாளில், வீட்டில் அவர் சாப்பிட உட்காரவில்லை. ஒரு பழத்துக்குப் பின்னால் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது, எத்தனை பேர் முதுகு வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தொலைந்த ஒற்றைத் தக்காளியை மணிக்கணக்கில் தேடிய ஃபிராங்குக்கும் அது தெரியும். இரண்டு பேரும் ஒரே சாதி, அண்ணா. பயிர் வைத்த சாதி.

சரி, அந்த ஆய்வால் ரோட்டில் கொட்டிய தக்காளிக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். பழுக்கும் தக்காளி எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடுகிறது. கூடையில் ஒன்று பழுத்தால் மற்றதையும் பழுக்கவைத்து அழுகவைப்பது அதுதான். மூடிய பெட்டிக்குள் செடி வளர்க்கும் விண்வெளிக்காரர்களுக்கு இந்த வாயு பெரிய தலைவலி. 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், விண்வெளிச் செடிப்பெட்டிக்காகவே எத்திலீனைச் சிதைக்கும் ஒரு கருவி செய்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய பரப்பு, அதன்மேல் புற ஊதா விளக்கு, அவ்வளவுதான். அதே நுட்பம் இன்று தரையில் பழமும் காய்கறியும் பூவும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை செய்கிறது. அது ஒட்டன்சத்திரத்து ஏழை விவசாயிக்கும் வந்து சேரவேண்டும் என்று நீங்கள் போராடினால், உங்களுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நான் உட்காருவேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தவனின் வயிற்றில் அடிக்காதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். விண்வெளியில் கோதுமை வளர்க்க நாசா செய்த ஆய்வில், நாள் முழுதும் விளக்கு எரியவிட்டால் பயிர் அவசரமாகக் கதிர்விடும் என்று பார்த்தார்கள். அதைப் பிடித்துக்கொண்ட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார், நாளுக்கு 22 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, ஓராண்டில் கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள். வறட்சி தாங்கும் ரகம் வரப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்த உழவனுக்கு அந்தக் காத்திருப்பு குறைகிறது.

இப்போது கோழிக்கு வருகிறேன்.

கூரை ஏறிக் கோழி பிடித்தார்களா என்று கேட்டீர்கள். பிடித்தார்கள் அண்ணா! 1991 செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் மூன்று ஏக்கருக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ‘பயோஸ்ஃபியர் 2’ என்று பெயர். இரண்டு ஆண்டு. உள்ளேயே விளைத்து உள்ளேயே சாப்பிடவேண்டும். ஆடு இருந்தது, பன்றி இருந்தது, நீங்கள் கேட்ட கோழியும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தது. உள்ளே இருந்த ஜேன் பாய்ன்டர் என்ற அம்மையார் சொல்கிறார்: ஒரு பீட்சா செய்ய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று என்று. மாவு வேண்டுமா, கோதுமை விதை. அது விளைந்து, அறுத்து, அடித்து, அரைத்தாக வேண்டும். பாலாடைக்கட்டிக்கு ஆட்டைக் கறக்கவேண்டும். நமது பிள்ளைகள் போனில் விரலை வைத்தால் அரைமணி நேரத்தில் வாசலுக்கு வரும் பண்டம் அது. வேறு விளைச்சல் போதாமல் சர்க்கரைவள்ளிக்கிழங்கையே தின்று தின்று அவர்கள் தோலே ஆரஞ்சு நிறமாக மாறியது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே காற்றைக் குடித்தன. 21 விழுக்காடு இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14 விழுக்காட்டுப் பக்கம் இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள்.

‘பார்த்தீர்களா, தோற்றார்கள்’ என்று அண்ணன் விரலை நீட்டுகிறார். தோற்றார்கள்தான். எங்கே தோற்றார்கள்? கதவைத் திறந்தால் வெளியே காற்று இருக்கும் இடத்தில் தோற்றார்கள். செவ்வாய்க்குப் போக ஏழு மாதம். அங்கே கதவைத் திறந்தால் பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு. அங்கே போய்த் தோற்கக்கூடாது என்பதற்காகத்தான் நமது வீட்டுக் கூரையிலேயே ஏறி விழுந்து பழகுகிறார்கள். உங்கள் பழமொழி என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

பழகியவர்கள் தேறினார்கள். 2018இல் ஜெர்மானியர்கள் அண்டார்டிகாவில், நோய்மாயர் என்ற ஆய்வு நிலையத்துக்கு 400 மீட்டர் தள்ளிப் பனிமேல் ஒரு குடில் வைத்தார்கள். மண்ணே இல்லாமல், தொங்கும் வேரில் சத்துநீரைப் புகையாகத் தெளித்து, வெறும் 12.5 சதுர மீட்டரில் ஒன்பதரை மாதத்தில் 268 கிலோ காய்கறி எடுத்தார்கள். அதில் வெள்ளரி மட்டும் 67 கிலோ. வாரக்கணக்கில் சூரியன் எழாத இருட்டில், வெளியே பனிப்புயல் அடிக்கும்போது, வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிரணித் தங்கை, பொட்டலச் சோறு கட்டிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டார். போதாதம்மா. செவ்வாய்க்குப் போய்வர மூன்று ஆண்டு ஆகும். பொட்டலத்துக்குள்ளேயே வைட்டமின் சி-யும் பி1-உம் செத்துப்போகும். வயிறு நிறையும், ஈறில் ரத்தம் வரும். நாக்கும் மரத்துப்போகிறது அங்கே. அதனால்தான் 2021இல் விண்வெளி நிலையத்தில் மிளகாய் காய்த்தபோது, கறியோடு சேர்த்து வைத்துக் கொண்டாடிச் சாப்பிட்டார்கள். காரம் தேடும் நாக்கு நம் ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை.

இனி நான் சொல்லப்போவதற்குக் கைதட்ட வேண்டாம். கேட்டால் போதும்.

2019 ஜனவரியில் சீனர்கள் நிலவின் மறுபக்கத்தில் இறக்கிய கலத்துக்குள், ஒரு சின்ன டப்பாவில், பருத்தி விதை முளைத்தது. நிலவிலேயே அதுதான் பச்சை. நிலவின் இரவு வந்தது, குளிர் ஏறியது, டப்பாவுக்குச் சூடு கொடுக்க வழியில்லை. முளை இறந்துவிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்தது நம்முடையது. 2024 டிசம்பர் 30, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட். வேலை முடிந்ததும் குப்பையாகச் சுற்றவேண்டிய அதன் நான்காம் கட்டத்தையே ஆய்வுமேடையாக மாற்றி, அதில் ஒரு பெட்டிக்குள் எட்டு விதை வைத்து அனுப்பினார்கள். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் மையத்துப் பெட்டி. 350 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து உத்தரவு கொடுத்தால் அங்கே தண்ணீர் பாயும். நான்கே நாளில் முளைத்தது. பிறகு இரண்டு இலை விட்டது. என்ன விதை தெரியுமா? தட்டைப்பயறு. சென்னைக்காரர்கள் காராமணி என்பார்கள்.

பத்திரிகையில் வந்த படத்தை என் அப்பத்தாவிடம் காட்டினேன். 84 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் அந்த இலையைத் தடவிப் பார்த்தாள். ‘நம் பயறுதான்’ என்றாள். ‘யார் தண்ணீர் விட்டார்கள்?’ சொன்னேன். ‘நல்லது’ என்றாள்.

ஏப்ரலில் மறுபடியும் கேட்டாள். ‘அந்தப் பயறு காய்த்ததா?’

நான் விளக்கினேன். முளைத்து இரண்டு இலை வருகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம் அப்பத்தா, பார்த்துவிட்டார்கள். ஏப்ரல் 4ஆம் தேதி அந்த மேடை காற்றுமண்டலத்துக்குள் இறங்கி இந்தியப் பெருங்கடல் பக்கம் முடிந்துபோயிற்று என்றேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

‘விதைத்தவர்கள் அறுக்கப் போகவில்லையா?’

நடுவர் ஐயா, நான் முதுகலை படித்தவள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் எழுந்தாள். பரணிலிருந்து விதைப்பானையை என்னை இறக்கச் சொன்னாள். சாம்பலில் புரட்டிப் போட்ட தட்டைப்பயறு. ஒரு கைப்பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, சொத்தை பொறுக்கி, தன் பழைய சேலைத் துணியில் கிழித்த துண்டில் வைத்து முடிந்தாள். ‘அடுத்த முறை போகிறவர்கள் யாரென்று விசாரித்துக் கொடுத்துவிடு. காய்க்கும்வரை இருந்து, பறித்துச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்’ என்றாள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இதோ, முடித்துவிட்டேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை உங்கள் மேசைமேல் இருக்கட்டும். அவிழ்த்துவிடாதீர்கள், சாம்பல் கொட்டும்.