கலைக்கும் அதிகாரம் யார் கையில்?

அவையோருக்கு வணக்கம். தேர்தல் தேதியைச் சட்டம் குறிக்க வேண்டுமா, பிரதமர் குறிக்க வேண்டுமா என்று வாதாடும் முன், பிரிட்டனில் 2011 முதல் 2022 வரை நடந்ததைப் பார்த்துவிட வேண்டும்.

அதுவரை அங்கே பிரதமர் கேட்டால் அரசி நாடாளுமன்றத்தைக் கலைப்பார். ஓடுகிறவர் கையிலேயே விசிலையும் கொடுத்த மாதிரி. 2010இல் கூட்டணி ஆட்சி அமைந்ததும் அந்த விசிலைப் பிடுங்க 2011இல் சட்டம் வந்தது: ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் தேர்தல். முன்கூட்டி நடத்த இரண்டே வழி. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தம் 650 இடங்களில் 434. இல்லையேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்று, 14 நாளுக்குள் எந்த அரசும் அவையின் நம்பிக்கையைப் பெறாமல் போக வேண்டும்.

காகிதத்தில் பூட்டு பலமானது. ஆனால் 2017 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே தேர்தல் கேட்டபோது 522 பேர் ஆதரித்தார்கள், 13 பேர் எதிர்த்தார்கள். மக்களைச் சந்திக்கப் பயம் என்று எந்த எதிர்க்கட்சி வாய்விட்டுச் சொல்லும்? (கேட்டவருக்கும் அது லாபமாகவில்லை, 330 இடங்கள் 317 ஆகி, பெரும்பான்மை போயிற்று.)

2019இல் அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 434 கிடைக்கவில்லை. மறுநாளே, இந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் என்று சின்னதாக ஒரு மசோதா கொண்டுவந்தார். மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமே! 438க்கு 20 என்று நிறைவேறியது. அரசியலமைப்பில் எழுதாமல் சாதாரணச் சட்டத்தில் போட்ட பூட்டை இன்னொரு சாதாரணச் சட்டம் திறந்துவிடும். கோளாறு அங்கேதான். 2022இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

ஜெர்மனியின் பூட்டு அடிப்படைச் சட்டத்திலேயே, அதாவது அந்நாட்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அரசின் தலைவரான சான்சலர் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்க வேண்டும். பிறகு 21 நாளுக்குள் குடியரசுத் தலைவர் கலைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல். 2024 டிசம்பர் 16இல் அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் தோற்கவே விரும்பி வாக்கெடுப்பு கேட்டு, 207க்கு 394 என்று தோற்றார். சுற்றுவழிதான், ஆனாலும் நடுவில் இன்னொருவர் சம்மதம் தேவைப்படுகிறது.

எனக்குப் பிடித்தது சுவீடனின் ஏற்பாடு. அங்கே அரசு முன்கூட்டியே தேர்தல் நடத்தலாம். ஆனால் வென்றவருக்குக் கிடைப்பது மிச்சமுள்ள காலம் மட்டுமே. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் செப்டம்பர்த் தேர்தல் தள்ளிப்போகாது. ஒரே பதவிக்காலத்துக்கு இரண்டு முறை செலவழித்து ஊர் சுற்ற எந்தக் கட்சி முன்வரும்? 2014இல் அறிவித்த முன்கூட்டிய தேர்தலைக்கூட, கட்சிகள் பேசி முடித்ததும் கைவிட்டார்கள். அப்படி ஒன்று அங்கே கடைசியாக நடந்தது 1958இல்.