தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் சலைன்

தகரத்து மேல மழை பெய்யுது, அதான் சத்தமா பேசுறேன். நான் மலையில ஒரு பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ்.

ஒருநாள் டிராக்டர் கவுந்து ஒரு அண்ணனோட தொடை டிரெய்லருக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஜேசிபி மேல ஏறி வரவே நாலு மணி நேரம். நாங்க போறப்ப நல்லா பேசுறாரு. "மரத்துப்போச்சு சிஸ்டர், வலியே இல்ல"ங்கிறாரு. ஊரே "தூக்குங்கடா"ன்னு நிக்குது. நான் மட்டும் பொறுங்க, முதல்ல அவருக்கு ஊசி குத்தி சலைன் டிரிப் போட்டுக்கிறேன்னேன். வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு.

ஏன் பொறுக்கச் சொன்னேன்? நசுங்கின தசையில இருந்து பொட்டாசியமும் மயோகுளோபின்ங்கிற தசைப் புரதமும் கசிஞ்சு அங்கேயே தேங்கி கிடக்கு. பாரத்தை எடுத்தா ரத்தம் உள்ள ஓடி, அத்தனையையும் வாரிக்கிட்டு வரும். ஒண்ணு இதயத்தை நிறுத்தும், இன்னொண்ணு கிட்னியை அடைக்கும். 1941-ல லண்டன் குண்டுவீச்சுல இடிபாட்டுல கிடந்தவங்களைப் பத்தி பைவாட்டர்ஸ், பீல்னு ரெண்டு பேரு இதைத்தான் எழுதினாங்க. எடுத்தப்ப தெளிவா இருந்தவங்களுக்கு அப்புறம் கிட்னி நின்னுச்சு. 1999 துருக்கி நிலநடுக்கத்துல 639 பேருக்கு கிட்னி பாதிப்பு, அதுல 477 பேருக்கு டயாலிசிஸ்.

இது நர்ஸ், டாக்டருக்குச் சொல்றேன். கையில டிரிப் இல்லாத பொதுமக்கள் காத்திருக்க வேண்டாம், ஆபத்தில்லாம முடிஞ்சா உடனே பாரத்தை எடுங்க. நெஞ்சு மேல இருந்தா யாருமே காத்திருக்கக்கூடாது.

பாரத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே நார்மல் சலைன் ஆரம்பிக்கணும், பெரியவங்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர், ரெண்டு மணி நேரம் கழிச்சு பாதியாக்கணும். நம்ம கை பழக்கத்துல ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப் பாட்டிலுக்குத்தான் போகும். போகவிடாதீங்க, அதுல பொட்டாசியம் இருக்கு. பாசத்துல யாராச்சும் இளநி வெட்டிட்டு வருவாங்க, அதுலயும் அதேதான், நிறையவே. வலிக்கு டைக்ளோ (டைக்ளோஃபெனாக்) வேண்டாம், கிட்னிக்கு இன்னொரு அடி.

எங்ககிட்ட பொட்டாசியம் பாக்க லேப் இல்ல. ஈசிஜி இருக்கு. அந்தக் கோட்டுல டி அலைங்கிற மேடு கூடாரம் மாதிரி கூர்ந்து நின்னா பொட்டாசியம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட் ஊசி மெதுவா. ஆஸ்துமாவுக்கு வச்சிருக்கோமே சால்புட்டமால் நெபுலைசர், அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ள தள்ளும். மிஷின் ஓடுற சத்தத்துல ஆம்புலன்ஸ்ல பேசவே முடியல!

அன்னைக்கு யூரின் பையில வந்தது அப்படியே வரக்காப்பி. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறப்ப பிளாஸ்டர்ல எழுதி அவர் கையிலயே ஒட்டிட்டேன்: மாட்டின நேரம், எடுத்த நேரம், எத்தனை பாட்டில், யூரின் எவ்வளவு, என்ன நிறம். லெட்டர் தொலைஞ்சிரும். கை எங்க போயிடும்?